மிலானில் ஒரு மாளிகையும் அதன் பழைய புகைப்படமும்

மிலானின் பாலெஸ்ட்ரோ மெட்ரோ நிலையத்தை விட்டு மேலே வந்தால் கோர்சோ வெனேட்ஸியா சாலை. 1796இல் நெப்போலியன் தங்கிய செர்பெல்லோனி மாளிகை இந்தச் சாலையில்தான் இருக்கிறது. பிரபுக்களின் வீடுகள் நேர்க்கோடுகளும் தூண்களுமாக அடக்கமாக நிற்க, 47ஆம் எண் கட்டடம் மட்டும் வேறு மாதிரி. கீழ்ச்சுவர் முழுக்க செதுக்கி முடிக்காத பாறை. அந்தப் பாறையைக் குடைந்ததுபோல் வட்ட ஜன்னல்கள், அவற்றில் இரும்புக் கலைஞர் மட்ஸுகொத்தெல்லி செய்த முறுக்கிய இரும்புக் கம்பிகள். மேலே போகப்போக கல் மெல்ல வழவழப்பாகி, ஜன்னல்களைச் சுற்றிக் குழந்தை உருவங்கள் முளைக்கின்றன.

இது கஸ்தில்யோனி மாளிகை. எர்மெனெஜில்தோ கஸ்தில்யோனி என்ற பணக்காரப் பொறியாளருக்காக கட்டடக் கலைஞர் ஜுசெப்பே சொம்மரூகா 1901இல் கட்டத் தொடங்கினார். வளைந்து நெளியும் இயற்கை வடிவங்களால் அலங்கரிக்கும் ஆர் நூவோ பாணியை இத்தாலியர்கள் ‘லிபர்ட்டி’ என்று அழைக்கிறார்கள். அந்தப் பாணியில் மிலானில் எழுந்த முதல் பெரிய கட்டடங்களில் ஒன்று.

நான் பார்க்கப் போனது கட்டடத்தை மட்டும் அல்ல. அது கட்டி முடிந்த புதிதில் எடுத்த ஒரு கறுப்பு வெள்ளைப் படம் என் ஃபோனில் இருந்தது. எதிர்ப்பக்கம் நின்று இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். படத்தில் வாசலுக்கு இருபுறமும் இரண்டு பெண் சிலைகள். சிற்பி எர்னெஸ்தோ பத்ஸாரோ வடித்தவை. ஒன்று அமைதி, மற்றது தொழில். தொழிலால் செல்வம் சேர்த்தவர் தன் வாசலில் வைக்க இதைவிடப் பொருத்தமான உருவங்கள் கிடையாது.

ஆனால் இரண்டும் ஆடையற்ற உருவங்கள். ஊர் கொதித்தது. கேலிச்சித்திரங்கள் வந்தன. ‘பிட்டங்களின் வீடு’ என்று பொருள்படும்படி மிலான்காரர்கள் தங்கள் வட்டார மொழியில் பெயரே வைத்துவிட்டார்கள். கடைசியில் சிலைகளை இறக்கிவிட்டு வாசலையும் திருத்தினார்கள்.

அந்தத் திருத்தத்தால் எவ்வளவு போயிற்று என்பது படத்தைப் பார்த்தால்தான் விளங்குகிறது. அதில் பாறை, இரும்பு, குழந்தைகள் எல்லாவற்றையும் தாண்டிக் கண் நேராக வாசலுக்குத்தான் போகிறது. முகப்பு முழுவதும் அந்த இரு உருவங்களை நோக்கியே வரையப்பட்டிருக்கிறது. இன்று அதே இடத்துக்குப் போகும் கண்ணுக்குப் பிடிமானம் இல்லை. சுற்றிலும் இவ்வளவு அலங்காரம் இருக்க, நடுவாசல் மட்டும் ஏன் வெறுமையாக இருக்கிறது என்று முதல்முறை பார்ப்பவர் குழம்பத்தான் செய்வார். சொம்மரூகாவின் கை தளர்ந்துவிட்டது என்றுகூட நினைக்கலாம். அது அநியாயம். சிலைகளை எடுத்தது பெரிய தவறு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இப்போது வணிகர் சங்கத்தின் அலுவலகம் இங்கே இயங்குகிறது. நினைத்த நேரத்தில் உள்ளே போக முடியாது. படிக்கட்டின் இரும்பு வேலைப்பாட்டைப் பார்க்க வேண்டுமானால், திறந்துவிடும் நாட்களை முன்பே விசாரித்து வையுங்கள்.

சரி, சிலைகள் எங்கே? அதே சிவப்பு மெட்ரோ வழியில் புவனர்ரோத்தி நிலையத்தில் இறங்குங்கள். அங்கே சொம்மரூகாவே 1910களில் கட்டிய ஃபக்கனோனி வில்லாவில் அவற்றைக் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். ஆல்ஃபா ரோமியோ கார்களுக்குத் தன் பெயரைத் தந்த நிக்கோலா ரோமியோ பின்னாளில் இந்த வில்லாவை வாங்கினார், அவரும் பொறியாளர்தான். இப்போது அது மருத்துவமனை. நோயாளிகள் வந்துபோகும் இடம் என்பதால் வாசலில் கேட்டுக்கொண்டு போவதுதான் முறை.

முதலில் வில்லாவுக்குப் போகாதீர்கள். கோர்சோ வெனேட்ஸியா வாசலில் பழைய படத்தோடு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, அப்புறம் போங்கள். அந்தச் சிலைகளின் அளவு எந்த வாசலுக்காகத் தீர்மானிக்கப்பட்டது என்பது அப்போதுதான் புரியும்.