பரண் மேலிருந்து பார்த்த பறவை

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்துக்கு வந்து நான்காவது செப்டம்பரில்தான் முதன்முறையாக மான் வேட்டைக்குப் போனேன். போனேன் என்பதே கொஞ்சம் மிகை. என்னிடம் உரிமமும் இல்லை, வில்லும் இல்லை. பக்கத்து வீட்டுப் பெரியவரோடு மரத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கப் போனேன். அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்பது இவ்வூர் வழக்கம். எழுபது வயதைத் தாண்டியவரைப் பெயர் சொல்லி அழைக்க எனக்கு இன்னமும் நாக்கு கூசுகிறது. அதனால் கூப்பிடாமலே எதிரில் போய் நின்று பேச்சைத் தொடங்கிவிடுவேன்.

மானைக் கொன்றால் சிறை என்று கேட்டே வளர்ந்தவன் நான். இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் அப்படி. இங்கே அரசே நாள் குறித்து உரிமம் விற்கிறது. செப்டம்பர் நடுவில் வில் பருவம் தொடங்கும். துப்பாக்கிக்கு நவம்பர் கடைசியில் ஒன்பது நாட்கள். 1973இலோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் உரிமம் வாங்கப் பொதுவாக வேட்டைப் பாதுகாப்புப் பாடம் படித்துத் தேறியாக வேண்டும். 2002இல் இங்குள்ள மான்களிடம் மூளையைச் சிதைக்கும் ஒரு நோய் கண்டறியப்பட்டது. அதன் பிறகு, அடித்த மானின் தலையைப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு, முடிவு வரும்வரை இறைச்சியைச் சமைக்காமல் காத்திருப்பவர்கள் உண்டு. பெரியவரும் அந்தக் கட்சி.

எனக்கு அவர் விதித்த நிபந்தனை ஒன்றுதான்: மணக்கக் கூடாது. மான் கண்ணைவிட மூக்கை நம்புகிற பிராணி. வாசனையில்லாத சோப்புத்தூளைக் கொடுத்து, என் உடைகளை இரண்டு முறை துவைத்து வெளியே உலர்த்தச் சொன்னார். செய்தேன். ஆனால் ஒரே ஒரு மேல்சட்டையை மட்டும் அடுக்களையை ஒட்டிய அலமாரியில் மாட்டிவைத்துவிட்டேன். அன்று வீட்டில் சாம்பார். காரில் ஏறியதும் பெரியவர் மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் கண்ணாடியை இறக்கினார்.

அவருடைய நிலம் ஆற்றை ஒட்டிய ஓக் காடு. எந்த ஊர் என்று எழுத மாட்டேன். காரணம் பின்னால் வருகிறது. இரண்டு பேர் உட்காரும்படி ஓர் ஏணி இருக்கையை மரத்தோடு கட்டி வைத்திருந்தார். புதுக்கோட்டைப் பக்கம் எங்கள் கொல்லையில் பன்றிக்குக் காவல் இருக்கப் போடும் பரண்தான், இரும்பில். அம்பு போகும் வழிக்காக அந்தக் கோடையில் கீழிருந்த புதர்களையெல்லாம் வெட்டியிருந்தார். இதுவும் முக்கியம்.

மூன்று மணி நேரம் கொசுக்கடி. ஓக் கொட்டைகள் சருகில் விழும் ஓசை ஒவ்வொன்றுக்கும் எனக்கு நெஞ்சு படபடத்தது, அவர் அசையவில்லை. ஆறரை மணி வாக்கில் ஒரு பெட்டை மானும் இரண்டு குட்டிகளும் வந்தன. குட்டிகளோடு இருப்பதை அவர் அடிப்பதில்லை என்பதால் இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த மான் சமதரையில் நடந்து வந்து, திடீரென்று ஒரு முழம் உயர்ந்தது. நாலு அடி நடந்து மறுபடி தாழ்ந்தது. குட்டிகளும் அதே இடத்தில் ஏறி இறங்கின. சாயங்கால வெயில் பக்கவாட்டில் விழுந்துகொண்டிருந்தது. மேட்டின் நிழல் ஒரு கோடாக நீண்டது. கோட்டைக் கண்ணால் பிடித்துக்கொண்டே போனேன். நடுவில் தடித்த உடல், ஒரு பக்கம் சிறிய தலை, இருபுறமும் வளைந்து செல்லும் நீண்ட மேடுகள். சிறகுகள்! பெரியவரின் முழங்கையைத் தொட்டுக் காட்டினேன். அவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு எங்கள் ஏணியின் கால்களைப் பார்த்தார். அவை இடது சிறகின் மேல் ஊன்றியிருந்தன.

பதினொரு வருடமாக அதே மரத்தில் ஏறி இறங்கியவர் அவர். புதர் மறைத்திருந்தது.

இங்கே என்னைப் பற்றி ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கீழடி, சங்க இலக்கியம், இரண்டாயிரம் வருடம் என்று அவரிடம் நான் அளந்துவிட்டது கொஞ்சநஞ்சமில்லை. உங்கள் ஊரில் நூற்றைம்பது வருடத்துக்கு முந்தியது ஏதாவது உண்டா என்றுகூட ஒருமுறை கேட்டிருக்கிறேன். அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

அன்றிரவு அவர் வீட்டுக் கணினியில் லைடார் வரைபடத்தைத் திறந்தோம். விமானத்திலிருந்து லேசரால் அளந்து, மரங்களை நீக்கித் தரையை மட்டும் காட்டுவது. எங்கள் பறவை அங்கே தெளிவாகச் சிறகு விரித்திருந்தது. சற்றுத் தள்ளி, நீண்ட வாலுடன் இன்னொரு உருவம்.

பறவை, கரடி, வால் நீண்ட நீர்விலங்கு என்று மண்ணைக் குவித்து உருவங்கள் அமைக்கும் வழக்கம் இந்தப் பகுதியில் ஏறத்தாழ கி.பி. 700 முதல் 1100 வரை இருந்திருக்கிறது. அதாவது ராஜராஜன் தஞ்சையில் கோயில் எழுப்பியபோது இங்கேயும் கூடைகூடையாக மண் சுமந்திருக்கிறார்கள். பலவற்றின் அடியில் மனிதர்களைப் புதைத்திருக்கிறார்கள். ஹோ-சங்க் பழங்குடியினர் இவற்றைத் தங்கள் முன்னோர் கட்டியவை என்கிறார்கள். 1837 ஒப்பந்தத்தைக் காட்டி அரசு அவர்களை இங்கிருந்து திரும்பத் திரும்ப வெளியேற்றியது. அவர்களில் பலர் நடந்தே திரும்பி வந்தார்கள். மேடுகளில் பெரும்பாலானவை ஏருக்கும் சாலைக்கும் போய்விட்டன. பாராபூ அருகே மனித வடிவில் ஒரு மேடு இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போட்ட சாலை அதன் கால்களை வெட்டிவிட்டது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். கால் இருந்த இடத்தில் தார் ரோடு.

எங்கள் ஊரில் முதுமக்கள் தாழி புதைந்த மேட்டில் மாடு மேய்த்த பையன்களில் நானும் ஒருவன். அங்கே மிதிக்காதே என்று அப்பாயி அதட்டுவாள். எதற்கென்று கேட்டதில்லை.

யாருடைய நிலத்தில் இருந்தாலும் இத்தகைய புதைமேடுகளைக் கலைக்கக் கூடாது என்று 1980களில் இந்த மாநிலம் சட்டம் செய்திருக்கிறது. திருடர்களுக்குப் பயந்து இடத்தை வெளியிடுவதும் இல்லை. முறைப்படி பதிவானால் அந்தத் துண்டு நிலத்துக்குச் சொத்துவரி கிடையாது என்று படித்துக் காட்டினேன். மிச்சமாகும் பணம் ஒரு பெட்டி பீருக்குக் காணுமா என்று கேட்டார். ஆனாலும் மறுநாள் காலையே மாநில வரலாற்றுச் சங்கத்துக்குத் தொலைபேசியில் பேசிவிட்டார்.

அடுத்த சனிக்கிழமை பரணைக் கழற்றினோம். ஏணியை நான் தலைமாட்டில் பிடித்தேன், அவர் கால்மாட்டில். சிறகை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு வர இருபது நிமிடம் ஆயிற்று. ஆற்றுப் பக்கமாக வேறொரு மரத்தில் கட்டியிருக்கிறோம். அந்தப் பருவம் முழுவதும் அங்கே ஒரு மானும் அகப்படவில்லை. காற்று சரியில்லை என்கிறார். என் மேல்சட்டையைத்தான் சொல்கிறார் என்று நினைக்கிறேன்.