காரைக்குப் போங்கள், கல்லை எடுத்துவராதீர்கள்

லீவு விட்டால் வேலூர்க்காரர்கள் நாம் ஏலகிரிக்கும் அமிர்திக்கும்தான் மாறி மாறிப் போகிறோம். பெரம்பலூர் மாவட்டத்தில் காரை என்ற ஊருக்குப் பக்கத்தில், பழைய கடல் ஒன்றின் அடிமண் வெட்டவெளியில் கிடக்கிறது. நேற்று ராத்திரிதான் நானும் மச்சானும் அங்கிருந்து திரும்பினோம். பார்த்த சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

முதலில் பஸ். பௌர்ணமியன்று மட்டும் கிளம்பாதீர்கள். கணியம்பாடி, போளூர் தாண்டித் திருவண்ணாமலை வரைக்கும் கிரிவலக் கூட்டம். பையை இறக்கி வைக்கக்கூட இடமில்லை. ஜன்னல் கண்ணாடி ஏறவும் மாட்டேன், இறங்கவும் மாட்டேன் என்று நின்றது. அண்ணாமலையாரைப் பார்க்கப் போகிறவர்கள் இறங்கிய பிறகுதான் உட்கார முடிந்தது. பெரம்பலூர் தாண்டிப் பாடாலூரில் இறங்கும்போது நன்றாக விடிந்துவிட்டது.

அங்கே ஆரம்பித்தது வயிற்றெரிச்சல். காரைக்குப் போய்வர ஆட்டோவுக்கு 1,500 ரூபாய் கேட்டார். மச்சான் பேசிப் பேசி 900-க்குக் கொண்டுவந்தான். பாதி வழியில், "வெயிட்டிங் தனி சார்" என்று இன்னொரு 300. மொத்தம் 1,200, எங்கள் இரண்டு பேரின் பஸ் செலவைவிட அதிகம். நடுவழியில் இறங்கி என்ன செய்வது? கொடுத்துத் தொலைத்தோம்.

ஆனால் அந்தச் செம்மண் ஓடைகளின் விளிம்பில் போய் நின்றதும் காசு மறந்துவிட்டது. மரம் மட்டை எதுவும் இல்லை. காவியும் சாம்பலும் மஞ்சளுமாகக் களிமண் மேடுகள், மழைநீர் அறுத்த ஆயிரம் பள்ளங்கள். குனிந்து பார்த்தால் மண் முழுக்க மினுக்குகிறது. எல்லாம் ஜிப்சம். கண்ணாடிச் சில்லு மாதிரி தகடு தகடாக, காலடியில் நொறுங்குகிறது. அதற்கு நடுவே சுண்டுவிரல் நீளத்தில் பழுப்பாக ஒன்று. ஒரு முனை கூர், உடைந்த முனையில் நடுவிலிருந்து நாலாபக்கமும் ஓடும் மெல்லிய கோடுகள். பெலம்னைட். கணவாய் இனத்து உயிர் ஒன்றின் உடம்புக்குள் இருந்த பாகம். கொஞ்சம் தள்ளி ஒரு கல்லில் அம்மோனைட்டின் சுருண்ட ஓட்டுத் தடம். அதுவும் கணவாய்க்கு உறவான, அழிந்துபோன கடல் உயிர். வரிகளை விரலால் தடவியே எண்ணலாம்.

சுமார் 10 கோடி வருஷத்துக்கு முந்தைய கடல் அது. அண்டார்டிகாவோடு ஒட்டியிருந்த நம் நிலம் பிரிந்தபோது, இப்போதைய காவிரிப் படுகையில் தரை இறங்கி, கடல் உள்ளே புகுந்தது. அதன் அடியில் படிந்த சேறுதான் இந்தக் களிமண். 1860-களிலேயே வெள்ளைக்காரப் புவியியலாளர்கள் வந்து வரைபடம் போட்டு, சிப்பிகளை விவரமாக எழுதி வைத்துவிட்டார்கள். நம் வேலூர்க் குன்றுகள் இதைவிட எவ்வளவோ பழையவை, 200 கோடிக்கும் மேல். ஆனால் அவை பூமியின் ஆழத்தில் வெந்து இறுகிய பாறைகள், சிப்பிக்கு அங்கே இடமே கிடையாது. அதனால்தான் காரையில் எனக்கு அப்படி ஒரு பரவசம்.

இவ்வளவு பெரிய விஷயத்துக்கு அங்கே ஒரு வேலி இல்லை, காவலுக்கு ஆள் இல்லை. பைக் டயர்த் தடங்கள், பீர் பாட்டில்கள். "காலேஜ் பசங்க வந்து கல்லைப் பொறுக்கிட்டுப் போவாங்க சார்" என்றார் ஆட்டோக்காரர். படிக்கிற பிள்ளைகள் செய்கிற வேலையா இது? எந்த மண் அடுக்கில் கிடந்தது என்று தெரியாத சிப்பி, வீட்டு ஷோகேஸில் வெறும் கல்தான். போட்டோ எடுங்கள், இருந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

திரும்பும் வழியில் புளியமரத்தடியில் ஒரு அக்கா கம்மங்கூழ் விற்றார். மண்பானைக் கூழில் மோரும் சின்ன வெங்காயமும், தொட்டுக்கொள்ள மோர் மிளகாயும் கொத்தவரங்காய் வற்றலும். சொம்பு 25 ரூபாய். இரண்டாவது சொம்புக்கு நாங்கள் கேட்கும் முன்பே, "குடிங்க தம்பி, வெயில்ல வந்திருக்கீங்க" என்று ஊற்றினார். இந்தப் பயணத்தில் நியாயமான விலை அது ஒன்றுதான்.

அதே பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூர் கல்மரத்தையும் பார்த்துவிடுங்கள். 1940-ல் புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்தது, 18 மீட்டர் நீளம். கடலுக்குள் அடித்து வரப்பட்டு, மண்ணில் புதைந்து கல்லானது. அதற்கு வேலி போட்டுப் பாதுகாக்கிறார்கள். காரைக்கும் அதைச் செய்யக் கூடாதா?

தை, மாசியில் போங்கள். மழை பெய்தால் அந்தக் களிமண் காலை விடாது. கடை கிடையாது, ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர் கட்டாயம். அப்புறம், வெயிட்டிங்கையும் சேர்த்துப் பேசிவிட்டு ஆட்டோவில் ஏறுங்கள்.