பெரிய காலனியைத் தொடாதீர்கள்

நோயுற்ற செடியின் இலையை அரைத்துச் சாறெடுத்தால் அதில் ஒரே ஒரு வைரஸ்தான் இருக்கும் என்று சொல்ல முடியாது. இரண்டு மூன்று கலந்திருக்கலாம். ஒரே வைரஸிலும் அங்கங்கே சிறு மாற்றங்களோடு பல வடிவங்கள் இருக்கும். ஜீனோம் (வைரஸின் மொத்த மரபுத்தகவல்) வரிசையைப் படித்தால் எவையெல்லாம் இருக்கின்றன என்று தெரியும், நோயைத் தந்தது எது என்று தெரியாது. அதற்காகத்தான் தொற்றும் குளோன். வைரஸின் முழு ஜீனோமையும் பிளாஸ்மிட் என்ற சிறு டிஎன்ஏ வளையத்தில் ஏற்றி, அதை மட்டும் நல்ல செடிக்குள் செலுத்தி, அதே நோய் வந்தால் சந்தேகம் தீர்ந்தது.

தாவர ஆர்என்ஏ வைரஸில் இது முடியும் என்று 1984-இல் புரோம் மொசைக் வைரஸை வைத்துக் காட்டினார்கள். இப்போது பெரும்பாலும் செடிக்குள் மரபணுவை இயக்கிவிடும் 35எஸ் புரமோட்டர் என்ற டிஎன்ஏ துண்டுக்குப் பின்னால் வைரஸை வைத்து, செடிக்கு டிஎன்ஏவைக் கடத்தும் அக்ரோபாக்டீரியம் என்ற பாக்டீரியா மூலம் செடிக்குள் அனுப்புகிறோம். ஜெமினிவைரஸ்கள் ஓரளவு சுலபம். சுமார் 2,700 நியூக்ளியோடைடு கொண்ட டிஎன்ஏ வளையம்தான். அதை ஒன்றரைப் பிரதியாக வைத்தால் பெருக்கம் தொடங்கும் இடம் இரண்டு முறை வரும்படி செய்யலாம். அந்த இரண்டுக்கும் இடையிலுள்ள முழு வளையம் செடிக்குள் தானே விடுபட்டுவிடும்.

ஆர்என்ஏ வைரஸான போட்டிவைரஸ் (potyvirus) அப்படி விடாது. கிட்டத்தட்ட 10,000 நியூக்ளியோடைடு நீளம், அதில் சில பகுதிகள், பிளாஸ்மிடைப் பெருக்க நாம் வளர்க்கும் ஈ.கோலை பாக்டீரியாவுக்கு ஒத்துக்கொள்வதே இல்லை. வைரஸ் வரிசைக்குள் தற்செயலாக அமைந்த புரமோட்டர் போன்ற துண்டுகளைப் பிடித்துக்கொண்டு பாக்டீரியா புரதம் செய்துவிடுகிறது. அது அதற்கே நஞ்சாகிறது. பாக்டீரியாவைப் பரப்பிய தட்டை மறுநாள் காலை திறந்தால் கொழுகொழுவென்று காலனிகள் (பாக்டீரியா பெருகி உண்டான திட்டுகள்) நிற்கும். புதிதாக வருபவர்களின் கை நேரே அங்கேதான் போகும். அவை பெரும்பாலும் வைரஸில் ஒரு துண்டை உதறிவிட்டுச் சுகமாக வளர்ந்தவை. இன்னும் ஒரு நாள் பொறுத்து, தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் ஊசிமுனை அளவில் ஒன்றிரண்டு தெரியும். எடுக்க வேண்டியது அவற்றைத்தான். 30 டிகிரியில் மெதுவாக வளர்த்து, வைரஸ் பகுதி முழுவதையும் மறுபடி வரிசை படித்துவிட வேண்டும்.

அப்படியும் நிலைக்கவில்லையா, செடியின் மரபணுவுக்கு நடுவே வரும் இன்ட்ரான் என்ற துண்டு ஒன்றை நஞ்சாகும் பகுதிக்குள் செருகுவோம். செடிக்கு அதை வெட்டி நீக்கத் தெரியும். பாக்டீரியாவுக்குத் தெரியாது, அதனால் அந்தப் புரதம் அங்கே முழுமையாகாது. இந்த உத்தியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

அப்புறம் செடி. புகையிலையின் உறவுச் செடியான நிகோட்டியானா பெந்தாமியானா இலையின் அடிப்பக்கத்தில் ஊசியில்லாத சிரிஞ்சை வைத்து, மேலே விரலால் தாங்கி மெல்ல அழுத்தினால், அக்ரோபாக்டீரியக் கரைசல் பரவும் இடம் நனைந்து கரும்பச்சையாகும். செலுத்திய இலையில் பிசிஆர் (டிஎன்ஏவைப் பெருக்கிக் கண்டறியும் சோதனை) செய்து வைரஸ் இருக்கிறது என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். அங்கே நாம் அனுப்பிய பிளாஸ்மிடே இருக்கும். பிறகு விரிகிற மேல் இலைகளில் வரவேண்டும். வைரஸைப் பெருக்கும் பாலிமரேஸ் நொதியைச் செயலிழக்கச் செய்த குளோனை இன்னொரு வரிசைச் செடிகளில் செலுத்தி, அங்கே ஒன்றும் வராததையும் பார்க்க வேண்டும்.

பயிர் ஆராய்ச்சிக்கு இதன் பயன் ஜெமினிவைரஸால் வரும் பச்சைப்பயறு மஞ்சள் தேமல் நோயில் நன்றாகத் தெரியும். வயலில் அது வெள்ளை ஈயால் பரவுகிறது. ஈ வராததால் தப்பிய செடியையும் எதிர்ப்புத்திறன் உள்ளது என்று எண்ணிவிடுவோம். குளோன் இருந்தால் எல்லா நாற்றுக்கும் ஒரே அளவு கொடுக்கலாம். ஆனால் அந்த வழியில் ஈக்கு வேலையே இல்லை. ஈயை அண்டவிடாத இரகத்தின் பலம் இந்தச் சோதனையில் தெரியாது. அதனால் குளோனில் தோற்ற இரகங்களையும் உடனே ஒதுக்காமல், ஒருமுறை வெள்ளை ஈக் கூண்டுக்குள் வைத்துப் பார்க்கச் சொல்கிறேன்.