வேலை செய்யாத சிறுநீரகத்துக்குள்

அறுவையில் எடுத்த உறுப்பை வெட்டிப் பார்த்து நோயைக் கண்டறியும் பேத்தாலஜி மேஜைக்கு வரும் சிறுநீரகங்களில் புற்றுநோய்க்காக எடுத்தவற்றை ஓரளவு வேகமாகவே வெட்டிவிடலாம். கட்டி எங்கே இருக்கிறது என்று சிடி ஸ்கேன் முன்பே சொல்லியிருக்கும். "நான்-ஃபங்ஷனிங் கிட்னி" என்று மட்டும் எழுதிய படிவத்தோடு வருவதைத்தான் நிதானமாக வெட்ட வேண்டும் என்பது என் அனுபவம்.

பெரும்பாலும் பல வருடக் கல்தான் காரணம். வலி வந்தால் ஊசி போட்டுக்கொள்வார்கள், நின்றால் மறந்துவிடுவார்கள். சிறுநீர் வெளியேற முடியாமல் தேங்கி, சதை மெலிந்து, சிறுநீரகம் வெறும் பையாகிவிடும். ஒவ்வொரு சிறுநீரகமும் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் டிடிபிஏ ஸ்கேனில் அந்தப் பக்கத்தின் பங்கு 10 சதவீதத்துக்கும் கீழே போயிருக்கும். சீழும் காய்ச்சலும் விடாததால் எடுத்துவிடுவார்கள்.

அப்படி வந்த ஒன்றை நீளவாக்கில் பிளந்தபோது, மான்கொம்பு போல் கிளைத்த கல், சிறுநீர் வந்து சேரும் உட்பையை அடைத்திருந்தது. கல்லை எடுத்ததும் அடியில் சுவர் ஓரிடத்தில் தடித்து, சொரசொரப்பாக, வெள்ளைச் செதில்களோடு இருந்தது. தனிக் கட்டி என்று எதுவும் இல்லை. அந்த இடத்திலிருந்து கூடுதலாகத் துண்டுகள் எடுத்துப் போட்டோம். ஸ்லைடில் தெரிந்தது ஸ்குவாமஸ் செல் கார்சினோமா, அதாவது தோல் போன்ற செல்களிலிருந்து வரும் புற்று.

கல்லும் கிருமியும் வருடக்கணக்கில் உரசிக்கொண்டே இருந்தால் உட்பையின் மெல்லிய படலம் தோல் போன்ற படலமாக மாறும். அதிலிருந்து சிலருக்குப் புற்று கிளம்பும். படம் தெளிவாகத் தெரிய ஸ்கேனின்போது ஏற்றும் கான்ட்ராஸ்ட் மருந்தை வேலை செய்யாத சிறுநீரகம் வெளியேற்றாது, உட்பை படத்தில் தெளியாது. கல்லும் சீழும் வேறு மறைத்துக்கொள்ளும். அதனால் ஸ்கேன் பார்த்தவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. ஆனால் இந்தப் புற்று பெரும்பாலும் முற்றிய பிறகே கண்ணில் படுகிறது என்பதை நினைத்தால் வருத்தமாக இருக்கும்.

எல்லாமே இப்படிப் பயங்கரமானவை அல்ல. சுருங்கிப்போன சிறுநீரகங்களில் பாப்பிலரி அடினோமா என்ற சிறு முடிச்சு தற்செயலாகத் தென்படும், அது தீங்கற்றது. மஞ்சள் மஞ்சளாகக் கட்டி போலவே மிரட்டும் சாந்தோகிரானுலோமா அழற்சியும் உண்டு. கொழுப்பு நிறைந்த அதன் நுரைச் செல்களைப் பார்த்துப் புற்று என்று அவசரப்படக் கூடாது. சந்தேகம் இருந்தால் அழற்சிச் செல்களைக் காட்டும் சிடி68, சிறுநீரகச் செல்களைக் காட்டும் பாக்ஸ்8 சாயங்கள் போட்டுப் பிரித்துவிடலாம்.

உட்பையில் யூரோதீலியல் கார்சினோமா, அதாவது சிறுநீர்ப் பாதையின் உள்படலத்தில் வரும் புற்று, இருந்துவிட்டால் சிக்கல் வேறு மாதிரி. முன்பே தெரிந்திருந்தால் சிறுநீர்க்குழாயை முழுவதுமாக, மூத்திரப்பையின் ஓரத்தோடு சேர்த்து எடுத்திருப்பார்கள். சாதாரண அறுவையில் குழாயின் மீதித் துண்டு உடம்புக்குள்ளேயே நின்றுவிடும். அதற்கு இன்னொரு அறுவை, அப்புறம் மூத்திரப்பைக்குள் குழாய்க் கேமரா விட்டுப் பார்க்கும் சிஸ்டோஸ்கோப்பியோடு தொடர் கண்காணிப்பு. எனவே உட்பையிலிருந்து ஒரே ஒரு துண்டு எடுத்து முடித்துக்கொள்வதை நான் ஒப்புவதில்லை. பயிற்சி மருத்துவர்கள் "மேடம், கல்லு கேஸ்தானே" என்பார்கள். கல் கேஸ் என்பதால்தான் பார்க்கச் சொல்கிறேன் என்பேன்.

இதையெல்லாம் கண்டுபிடித்தும் வீணாகிற ஓர் இடம் இருக்கிறது. தையல் பிரித்ததும் ஊருக்குப் போய்விடுகிறவர்கள் பலர். பயாப்ஸி ரிப்போர்ட் வாங்க வருவதே இல்லை. "கிட்னியத்தான் எடுத்தாச்சே, இன்னும் என்ன ரிப்போர்ட்?" என்று கேட்டவர்களும் உண்டு. எதிர்பாராத புற்று தெரிந்தால் நான் கையெழுத்துப் போடும் முன்பே யூராலஜி டாக்டருக்கு ஃபோன் செய்துவிடுவேன். படிவத்தில் நோயாளி வீட்டு எண் இல்லையென்றால் வார்டு நர்ஸிடம் கேட்டு வாங்கி வைப்பேன். உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி ஒரு சிறுநீரகத்தை எடுத்திருந்தால், அந்த ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கி, டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.