வாயால் சொன்ன "இல்லை" போதாது

வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர் தொடர்பான ஐ.நா. செயற்குழுவிடமிருந்து கடிதம் வந்துவிட்டது. 2008இல் வவுனியாவில் வெள்ளை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போகப்பட்ட ஓர் இளம் குடும்பஸ்தரின் முறைப்பாட்டை ஏற்றுக்கொண்டு இலங்கை அரசாங்கத்துக்கு அனுப்பிவிட்டார்களாம். இதனால் மகன் நாளைக்கே வந்து நிற்கப் போவதில்லை, அது அவருடைய தாய்க்கும் நன்றாகத் தெரியும். ஆனால் இந்தச் சின்னக் கடிதத்துக்காக நாங்கள் பட்ட பாட்டை எழுதாவிட்டால் எனக்குப் பொறுக்காது. மனித உரிமை மீறல்களைப் பதிவு செய்யும் வேலையில் புதிதாக இறங்கியிருக்கிற பிள்ளைகளுக்கு உதவினால் சந்தோசம்.

சாட்சியம் எடுத்தது ஒரு பின்னேரத்தில் முடிந்தது. அந்த அம்மா 2010இல் நியமிக்கப்பட்ட கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவுக்குச் சொன்னவர், காணாமல் போனோர் பற்றி விசாரிக்க 2013இல் வந்த பரணகம ஆணைக்குழுவுக்குச் சொன்னவர், 2018இல் ஆணையாளர்கள் நியமிக்கப்பட்ட காணாமல் போனோர் அலுவலகத்துக்கும் சொன்னவர். "எத்தினை பேர் எழுதிக்கொண்டு போயிட்டினம் தம்பி, நீங்களும் எழுதுங்கோ" என்றார். அதற்குமேல் அழச் சொல்லி, விவரிக்கச் சொல்லி நச்சரிக்க எங்களுக்கு ஓர் உரிமையும் இல்லை. ஏற்கெனவே கொடுத்த வாக்குமூலங்களின் பிரதிகளை முதலில் கேளுங்கள். இருந்தால் அதிலிருந்து தொடங்குங்கள், விடுபட்டதை மட்டும் கேளுங்கள்.

சம்மதம் வாங்கும் இடத்தில் அவசரப்படக் கூடாது. நாங்கள் அனுப்பும் பெயர் அரசாங்கத்தின் மேசைக்குப் போகும் என்பதைத் தாய்க்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும். குடும்பத்தின் சம்மதம் இல்லாமல் வேறு யாரும் அனுப்பும் முறைப்பாட்டைச் செயற்குழு எடுப்பதில்லை. நாங்கள் அதைத் தமிழில் தனித் தாளில் எழுதி, வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்கினோம். மருமகள் இரண்டு நாள் யோசித்துவிட்டுத்தான் சரி என்றார். அதுதான் சரியான முறையும்.

வில்லங்கம் திகதியில் தொடங்கியது. அம்மா சொன்னது, சிவராத்திரி கழிந்து இரண்டாம் நாள். சத்தியக் கடதாசியில் ஒரு திகதி. ஓர் ஆணைக்குழு கொடுத்த துண்டில் வேறொரு திகதி. பழைய பஞ்சாங்கம் ஒன்றைத் தேடிப் பிடித்து ஒப்பிட்டுப் பார்த்தபோதுதான் விசயம் பிடிபட்டது: பொலிசில் முறைப்பாடு கொடுத்த நாளைக் காணாமல் ஆக்கப்பட்ட நாளாக யாரோ எழுதியிருக்கிறார்கள். அதைப் பார்த்துப் பார்த்து எழுதிய அடுத்தடுத்த தாள்களிலும் அதே பிழை. எங்கள் சனம் திருவிழாவையும் விதைப்பையும் வைத்து நாளை நினைவில் வைத்திருக்கிறது. அதை "ஞாபகக் குறைவு" என்று ஒதுக்காமல் பஞ்சாங்கத்தோடு பொருத்திப் பாருங்கள். அம்மா சொன்னது அச்சொட்டாகச் சரியாக இருந்தது.

பெயரும் அப்படித்தான். பிறப்புச் சான்றிதழில் ஓர் ஆங்கில எழுத்துக்கூட்டல், அடையாள அட்டையில் இன்னொன்று, பொலிஸ் சிங்களத்தில் எழுதியதை யாரோ ஆங்கிலமாக்கியபோது மூன்றாவது. தகப்பன் பெயர் ஒரு பட்டியலில் முன்னுக்கு, மற்றதில் பின்னுக்கு. ஒரே ஆள் ஒரு பட்டியலில் இரண்டு பேராகிறார், இன்னொரு பட்டியலில் தேடினால் இல்லவே இல்லை. எல்லாத் தாள்களிலும் உள்ள எழுத்துக்கூட்டல்களை ஒரு பக்கத்தில் வரிசையாகப் போட்டு, அடையாள அட்டை இலக்கத்தோடு சேர்த்து அனுப்பினோம். இது சலிப்பான வேலை. ஆனால் அரச தரப்பு "அப்படி ஒருவர் பதிவில் இல்லை" என்று எழுதிக் கையைக் கழுவுவதற்கு முதலில் பிடிப்பது இந்த ஓட்டையைத்தான்.

இனி அந்த முதல் முறைப்பாடு. ஆள் பிடிபட்ட அடுத்த நாளே தாய் ஒரு பொலிஸ் நிலையத்துக்குப் போயிருக்கிறார். அதன் பிரதி கிடைத்தால் கோப்பு நிமிர்ந்து நிற்கும். அந்த நிலையத்தில் இருந்தவர் முதல் நாள் "பெரியவர் இல்லை, பிறகு வாங்கோ" என்றார். அடுத்த முறை போனால் "முறைப்பாட்டு இலக்கம் தாங்கோ" என்றார். இலக்கம் எழுதிய துண்டை அம்மா ஷொப்பிங் பையில் சுற்றி இத்தனை வருடமாக வைத்திருந்தார். அதைக் கொண்டுபோய் நீட்டினால், "அந்தக் காலத்துப் புத்தகம் இங்கே இல்லை." எங்கே இருக்கிறது? "தெரியாது." சரி, இல்லை என்பதை எழுதித் தருவீர்களா? மனிதர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு இன்னும் வயிற்றைக் கலக்குகிறது.

எழுதித் தரமாட்டேன் என்பவரை எழுத வைக்கும் சட்டம் ஒன்று இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். பொலிஸ் நிலையமும் அதற்குள் வரும். தமிழிலேயே எழுதலாம். நாங்கள் இரண்டு கேள்விதான் கேட்டோம். இந்தத் திகதி, இந்த இலக்கம் உள்ள முறைப்பாட்டின் பிரதி தேவை. புத்தகம் இல்லையென்றால் அது எப்போது, யாருடைய உத்தரவின்படி அகற்றப்பட்டது? இரண்டாவது கேள்வியை மறக்காமல் போடுங்கள். முதலாவதற்கு "இல்லை" என்று ஒற்றை வார்த்தையில் தப்பிவிடலாம், இரண்டாவதற்கு அப்படி முடியாது.

14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்கிறது சட்டம். சொல்லவில்லை. அடுத்ததாகக் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு. அதற்கு உங்களுக்கு 14 நாள்தான், தவறவிட்டால் புதிதாக விண்ணப்பம் போட வேண்டியதுதான். அங்கும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழுவுக்குப் போகலாம். எங்களுக்கு அதுவரை போக வேண்டி வரவில்லை. மேன்முறையீட்டுக்குப் பிறகு முத்திரை குத்திய ஒரு கடிதம் வந்தது: குறித்த காலப்பகுதிக்குரிய முறைப்பாட்டுப் புத்தகம் நிலையத்தில் காணப்படவில்லை. அகற்றப்பட்டதற்கான பதிவும் இல்லை.

அதைக் கையில் வாங்கியபோது எனக்கு வந்த சந்தோசத்தை வெளியாட்களுக்கு விளங்கப்படுத்த முடியாது. ஒரு தாய் இலக்கத்தோடு வந்து நிற்கிறார், அரசாங்கமோ தன்னுடைய புத்தகத்தைத் தானே தொலைத்துவிட்டேன் என்று கையெழுத்துப் போட்டுத் தருகிறது. நாங்கள் எடுத்த முயற்சிகளைச் சொல்லும் இடத்தில் அந்தக் கடிதத்தை முதல் இணைப்பாகவே வைத்தோம். ஆக, ஒவ்வொரு அலுவலகத்திலும் எழுத்தில் கேளுங்கள். பதில் தராவிட்டால் உங்கள் கடிதத்தின் பிரதியும் பதிவுத் தபால் ரசீதுமாவது கையில் மிஞ்சும்.

வீண் அலைச்சல் ஒன்றும் சொல்ல வேண்டும். "ஜெனிவாவுக்கு அனுப்பு" என்று பொதுவாகச் சொல்கிறார்களே, அங்கே இதற்கு இரண்டு கதவுகள் இருக்கின்றன. 1980இல் உருவான செயற்குழு ஒன்று. காணாமல் ஆக்கப்படுதல் பற்றிய சர்வதேச சமவாயத்தின் கீழ் இயங்கும் குழு மற்றது. கொழும்பில் விபரம் தெரிந்தவர் என்று நாங்கள் நம்பிய ஒருவர் சமவாயக் குழுவுக்கு எழுதச் சொன்னார். இலங்கை அந்தச் சமவாயத்தை ஏற்று உறுதிப்படுத்தியதே 2016 மே மாதத்தில். அதற்கு முன் தொடங்கிய சம்பவங்கள் அந்தக் குழுவுக்குள் அடங்காது. 2008இல் நடந்ததை அங்கே அனுப்பித் திரும்பி வந்ததுதான் மிச்சம். பழைய சம்பவங்களுக்குச் செயற்குழுதான் வழி. அங்கே உள்நாட்டு நீதிமன்றங்கள் எல்லாவற்றையும் ஏறி இறங்கிவிட்டுத்தான் வரவேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை.

பிறகு மரணச் சான்றிதழ். இதை நினைத்தால் கோபம்தான் வருகிறது. காணி அனுமதிப்பத்திரத்தை மாற்றப் போன மருமகளிடம், எந்தக் கச்சேரி (அரச செயலகம்) என்று சொல்லமாட்டேன், ஒரு கிளாக்கர் "செத்த சேட்டிபிக்கட் இல்லாமல் ஒன்றும் செய்யேலாது" என்றிருக்கிறார். 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், ஒரு வருடத்துக்கு மேல் தகவல் இல்லாதவரின் மரணத்தைப் பதியலாம் என்பதால் அவர் அதை எடுத்துவிட்டார். பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்கும் அது உதவியது. அதைச் செய்ததற்காக அந்தப் பெண் இன்றைக்கும் மாமியின் முகத்தைப் பார்க்கக் கூச்சப்படுகிறார். காணாமற்போனமைக்கான சான்றிதழ் கொடுக்கலாம் என்ற திருத்தம் வந்தது 2016இல்தான். 2011இல் அவருக்கு வேறு என்ன வழி இருந்தது?

மரணச் சான்றிதழை மறைத்து அனுப்பலாம் என்று எங்களில் சிலர் சொன்னார்கள். வேண்டாம் என்று நின்றேன். அரசாங்கம் பதில் எழுதும்போது முதல் வேலையாக அதைத்தான் எடுத்துக் காட்டும். எப்போது, எதற்காக, யார் சொல்லி எடுத்தது, உடலைக் குடும்பத்தில் யாரும் பார்க்கவில்லை என்பதை ஒரு பந்தியில் எழுதிச் சான்றிதழையும் இணைத்தோம். எந்தக் கேள்வியும் வரவில்லை.

இன்னொரு தாயின் கோப்பிலும் இதே சோதனை வந்தது. மகனை முதலில் இயக்கம் (விடுதலைப் புலிகள்) பிடித்துக்கொண்டு போனது, 2009 மே மாதத்தில் வட்டுவாகலில் ஆமியிடம் சரணடைந்த பிறகு தகவல் இல்லை. முதல் பாதியை விட்டுவிட்டால் கோப்பு "சுத்தமாக" இருக்கும் என்றார் ஒருவர். இரண்டையும் இரண்டு சம்பவங்களாக எழுதினோம். யார் செய்தாலும் மீறல் மீறல்தான் என்று நிற்க முடியாதவர்கள் இந்த வேலைக்கு வராமல் இருப்பது நல்லது.

நாங்கள் வீட்டுக்கு வந்து போனதைப் பற்றி விசாரிக்கச் சிவில் உடையில் இருவர் பின்னால் வந்தார்கள். யார் வந்தது, என்ன கேட்டது, காசு தந்தார்களா என்று. அம்மா பதறவில்லை: "என்ர மகனைப் பற்றிக் கேட்டவை. நீங்களும் கேளுங்கோவன்" என்றாராம். ஆனாலும் அதன்பின் சில பழக்கங்களை இறுக்கினோம். சாட்சிகளின் பெயர் குறிப்பேட்டில் இருக்காது, குறியீடுதான் இருக்கும். பெயர்ப் பட்டியல் வேறு இடத்தில். போனில் எடுத்த படங்களை வட்ஸ்அப்பில் தள்ளிவிட்டு மூலத்தை அழிக்காதீர்கள். அதில் வரும் பிரதியில் எடுத்த நேரமும் இடமும் போய்விடும். வந்து விசாரித்தவர்களின் வருகையையும் நேரம், வாகன இலக்கத்தோடு ஒரு சம்பவமாகவே பதிந்து வைத்தோம்.

படிவத்தை ஆங்கிலத்தில் நிரப்பி மின்னஞ்சலில் அனுப்பியது சுலபம். தமிழில் அனுப்ப முடியாது, அதனால் நல்ல மொழிபெயர்ப்பாளர் ஒருவர் முதலே கைவசம் இருக்கட்டும்.

பழைய கோப்புகளில் மூழ்கியிருக்கும்போதே புதிய கைதுகளுக்கும் போன் வரும். பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979இல் தற்காலிகம் என்று வந்தது, 1982இல் நிரந்தரமானது. 2022 திருத்தத்துக்குப் பிறகும் தடுப்புக் காவல் உத்தரவில் 12 மாதம் வரை வைத்திருக்கலாம். அதன் கீழ் யாரையாவது கொண்டுபோனால் முதல் இரண்டு நாள்தான் முக்கியம். கைது செய்தவர்கள் 48 மணித்தியாலத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டும் என்று ஆணைக்குழுவின் 1996ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. ஆணைக்குழுவின் 1996 என்ற இலக்கத்துக்கு அழைத்து, அறிவித்தல் வந்ததா என்று கேளுங்கள். வரவில்லை என்றால் அதுவே ஒரு மீறல், குறித்துக்கொள்ளுங்கள். அடி விழுந்திருந்தால் சட்ட வைத்திய அதிகாரியிடம் காட்டச் சொல்லி நீதவானிடம் சட்டத்தரணி கேட்க வேண்டும். தழும்பு ஆறும் வரை யாரும் காத்திருக்கக் கூடாது. அடிப்படை உரிமை மனுவுக்கு உயர் நீதிமன்றம் தருவது ஒரு மாதம்தான். அந்த மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறைப்பாடு போட்டிருந்தால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. சட்டத்தரணி பிடிக்கக் காசில்லாமல் மாதத்தைத் தவறவிட்ட குடும்பங்கள் எத்தனையோ. இதைச் சொல்லிக் கொடுக்க ஆளில்லாததுதான் காரணம்.

செயற்குழுவின் கடிதம் கையில் இருக்கிற நிலையிலும் நாங்கள் ஓய்ந்துவிட முடியாது. ஆளுக்கு என்ன நடந்தது என்று அரசாங்கம் விபரமாகப் பதில் எழுதினால், செயற்குழு அதை எங்களுக்கு அனுப்பும். ஆறு மாதத்துக்குள் நாங்கள் மறுப்பு எழுதாவிட்டால் விசயம் தெளிவாகிவிட்டது என்று கோப்பை மூடிவிடுவார்கள். தாயின் போன் இலக்கம் மாறியது, நிறுவனம் இழுத்து மூடப்பட்டது, மின்னஞ்சல் பார்க்க ஆளில்லை என்று இப்படி மூடப்படக் கூடிய கோப்புகளை நினைத்தால் பகீரென்கிறது. அதனால் தொடர்புக்கு எங்கள் முகவரியோடு மருமகளுடையதையும், வவுனியாவில் இருக்கிற பெறாமகளுடையதையும் கொடுத்திருக்கிறோம். மூவரில் யார் இடம் மாறினாலும் அன்றைக்கே ஜெனிவாவுக்கு ஒரு வரி எழுத வேண்டும் என்று பேசி வைத்திருக்கிறோம்.