கெடு முடிய மூன்று மாதம் இருந்தது: புரோநோட்டுப் பணத்தை நான் மீட்ட விதம்

பீரோவில் புடவைகளுக்கு அடியில், ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் அந்தப் புரோநோட்டை, அதாவது கடன் வாங்கியவர் எழுதிக் கொடுத்த கடன் பத்திரத்தை, வைத்திருந்தேன். 2022 மே 18 தேதியிட்டது. தொகை ஒன்றரை லட்சம், வட்டி நூற்றுக்கு ஒரு ரூபாய். வாங்கியவர் என் வீட்டுக்காரரோடு ஒரே இடத்தில் வேலை பார்த்தவர். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். மகளின் காலேஜ் செலவுக்கென்று சீட்டு எடுத்து வைத்திருந்த பணம் அது. "ஆறே மாசம்க்கா, திருப்பிக் கொடுத்துடுறேன்" என்றார். கொடுத்தேன்.

ஆறு மாதம் ஒன்றரை வருடமாக இழுத்தது. 2023 தீபாவளியை ஒட்டி வட்டிக்கென்று பத்தாயிரம் ரூபாய் ரொக்கமாகக் கொடுத்தார். அதைச் சமையலறையில் தொங்கிய மாதக் காலண்டரில் குறித்து வைத்தேன். அப்புறம் "அடுத்த மாசம் கண்டிப்பா" என்ற வாட்ஸ்அப் செய்திகள் மட்டும்தான் வந்தன. 2024 கடைசியில் குடும்பத்தோடு வேறு ஊருக்குக் குடிபோய்விட்டார்.

அப்போதும் எனக்குப் பெரிய பதற்றம் இல்லை. பத்திரம் கையில் இருக்கிறது, பணம் எங்கே போய்விடும் என்று இருந்தேன். நம்மில் பலர் இந்த நினைப்பிலேயே பணத்தைக் கோட்டைவிடுகிறோம். எனக்கும் அது நடந்திருக்க வேண்டியது, மூன்று மாத இடைவெளியில் தப்பித்தேன். அதனால்தான் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முதலில் போன இடம் போலீஸ் ஸ்டேஷன். எல்லோரும் அங்கேதான் போகச் சொன்னார்கள். மனுவை வாங்கிக்கொண்டு சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தார்கள். அவரைப் போனில் பிடித்துப் பேசினார்கள். அவர் அங்கேயும் "தர்றேன்" என்றார். "அம்மா, இது சிவில் விவகாரம். கோர்ட்டுலதான் வாங்கணும், நாங்க வசூல் பண்ணித் தர முடியாது" என்று அங்கே இருந்தவர் பொறுமையாகச் சொல்லி அனுப்பினார். அன்றைக்கு எனக்கு ஏமாற்றமாக இருந்தது. கடன் வாங்கித் திருப்பித் தராதது மட்டும் குற்றமாகிவிடாது, வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்ததென்று காட்ட முடிந்தால்தான் மோசடி வழக்கு என்பது பிறகுதான் புரிந்தது.

வக்கீல் வைக்கப் பணம் இல்லை. போன பணத்தோடு இன்னும் கொஞ்சம் போகுமோ என்ற பயமும் இருந்தது. கோர்ட்டு வளாகத்திலேயே சட்டப் பணிகள் குழுவின் ஆபீஸ் இருக்கிறது, பெண்களுக்கு இலவசமாக வக்கீல் கொடுப்பார்கள் என்று பக்கத்து வீட்டு டீச்சர் சொன்னார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. சொந்த வீடு இருக்கிறது, மாதச் சம்பளம் வருகிறது, நமக்கெல்லாம் எப்படிக் கொடுப்பார்கள் என்று கேட்டேன். போன பிறகுதான் தெரிந்தது. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தில் 12-ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. அதன்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள் போன்றோருக்கு இந்த உதவி உண்டு. பெண் என்றாலே போதும், வருமானம் எவ்வளவு என்று பார்ப்பதில்லை. இதைத் தெரியாமல் நகையை அடகு வைத்து வக்கீல் பீஸ் கட்டிய பெண்களை எனக்குத் தெரியும். நேரில் போக முடியாதவர்கள் 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம்.

2025 பிப்ரவரி நடுவில் ஆதார் நகலோடு போனேன். வெள்ளைத் தாளில் மனு எழுதித் தரச் சொன்னார்கள். அங்கே உட்கார்ந்திருந்த தன்னார்வலர் பெண்ணே எனக்கு எழுத உதவினார். ஒரு வாரத்தில் பேனல் வக்கீல், அதாவது குழுவின் பட்டியலில் இருக்கும் வக்கீல், ஒருவரை ஒதுக்கினார்கள். என்னைவிட வயதில் சின்னவர். நான் மேடம் என்பேன், அவர் என்னை அம்மா என்பார்.

நான் ஒரு தாள் நிறையக் கேள்விகள் எழுதிக்கொண்டு போயிருந்தேன். அவரை ஜெயிலில் போட முடியுமா, அவர் வீட்டை ஜப்தி செய்ய முடியுமா, இத்தனை வருட மன உளைச்சலுக்கு நஷ்டஈடு கிடைக்குமா என்று நிறைய. அவர் அந்தத் தாளை வாங்கி மேசை ஓரமாக வைத்துவிட்டு, "முதல்ல நோட்டைக் காட்டுங்கம்மா" என்றார்.

கவரிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். தேதியைப் பார்த்தார். ரெவின்யூ ஸ்டாம்புக்கு மேலே கையெழுத்து பாதி ஸ்டாம்பிலும் பாதி தாளிலுமாக ஓடியிருக்கிறதா என்று பார்த்தார். உள்ளே எழுதியது யார், தொகையை எழுதிய மையும் மற்றதை எழுதிய மையும் ஒன்றா, சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டார். பிறகு நோட்டைத் திருப்பினார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

"பத்தாயிரம் கொடுத்தார்னு சொன்னீங்களே, பின்னாடி வரவு எழுதலையா?"

காலண்டரில் எழுதி வைத்ததைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு நிதானமாக விளக்கினார்.

கேட்கும்போது தருகிறேன் என்று எழுதும் புரோநோட்டுக்கு, அதில் போட்ட தேதியிலிருந்து மூன்று வருடம்தான் ஆயுள். 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் வைத்த கெடு அது. வக்கீல்கள் லிமிட்டேஷன் என்கிறார்கள். அதற்குள் கோர்ட்டில் வழக்குப் போட வேண்டும். தாண்டிவிட்டால், வாங்கியவரே கையெழுத்தை ஒத்துக்கொண்டாலும் பொதுவாக வழக்கு நிற்காது. ஆனால் அந்த மூன்று வருடத்துக்குள் ஒரு சிறு தொகை வந்து, அதை நோட்டின் பின்பக்கத்தில் தேதியோடு வரவு எழுதி, கடன் வாங்கியவர் கையெழுத்தும் போட்டிருந்தால், பணம் வந்த அந்தத் தேதியிலிருந்து புதிதாக மூன்று வருடம் ஓடும். ஊர்ப் பெரியவர்கள் வட்டி வாங்கும்போதெல்லாம் நோட்டைத் திருப்பி வைத்து "வரவு போட்டுக் கையெழுத்துப் போடு" என்பார்களே, அதன் காரணம் இதுதான். என் அப்பா அப்படிச் செய்வதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். அது கணக்குக்காக என்றுதான் நினைத்திருந்தேன்.

என் காலண்டர்க் குறிப்பில் அவர் கையெழுத்து இல்லை. கெடு நீளுவதற்கு அது உதவாது. "இப்ப நானே பின்னாடி எழுதிடட்டுமா மேடம்?" என்று தெரியாமல் கேட்டுவிட்டேன். "பேனாவை அதுல வைக்கவே கூடாதும்மா. நல்லா இருக்கற கேஸையே அது கெடுத்துடும்" என்றார். அந்தப் பத்தாயிரத்தைக் கோர்ட்டில் சொல்லத்தான் வேண்டுமா என்றும் கேட்டேன். "வாங்கினதை வாங்கினோம்னு சொல்லணும். மறைச்சா மத்ததையும் நம்ப மாட்டாங்க" என்றார். பிராதில், அதாவது வழக்கு மனுவில், அதையும் எழுதினோம்.

அப்படியானால் கெடு 2025 மே 18. கையில் இருந்தது மூன்று மாதம். இன்னொன்றும் சொன்னார். மே மாதம் சிவில் கோர்ட்டுகளுக்குக் கோடை விடுமுறை. விடுமுறையில் கெடு முடிந்தால், கோர்ட் திறக்கும் அன்றைக்கு வழக்குப் போடச் சட்டத்தில் இடம் உண்டு. ஆனாலும் அந்த ஒரு நாளை நம்பி இருக்க வேண்டாம், ஏப்ரலிலேயே போட்டுவிடுவோம் என்றார்.

இந்த இடத்தில்தான் நான் வேறு வழியில் போகப் பார்த்தேன். வழக்கே வேண்டாம், வக்கீல் நோட்டீஸ் விட்டால் பயந்து கொடுத்துவிடுவார், இல்லாவிட்டால் வழக்குக்கு முன்பே, சமரசமாகத் தீர்த்து வைக்கும் மக்கள் நீதிமன்றத்தில் பேசிப் பார்க்கலாம் என்று என் தம்பி சொல்லியிருந்தான். இரண்டுமே நல்ல வழிதான், ஆனால் இரண்டுமே கெடுவை நிறுத்தி வைக்காது என்றார் மேடம். நோட்டீஸ் விட்டுவிட்டால் மூன்று வருடம் புதிதாக ஆரம்பிக்கிறது என்று எத்தனையோ பேர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அப்படி எதுவும் கிடையாது. போலீஸில் மனு கொடுத்தாலும், பஞ்சாயத்துப் பேசினாலும் தேதி பாட்டுக்கு ஓடிக்கொண்டேதான் இருக்கும். வாட்ஸ்அப் செய்திகளை என்ன செய்வது என்றேன். அழிக்காமல் அதே போனில் வைத்திருக்கச் சொன்னார். முறையான சான்றிதழோடு கோர்ட்டில் தாக்கல் செய்யலாம், ஆனால் அதை நம்பித் தேதியை விடக்கூடாது என்றார்.

பிப்ரவரி கடைசியில் நோட்டீஸ் அனுப்பினோம். ஒப்புகை அட்டை வைத்த பதிவுத் தபால். பத்து நாளில் அந்தக் கவர் அப்படியே திரும்பி வந்தது. முன்பக்கத்தில் தபால்காரர் பேனாவால் 'பெற மறுத்துவிட்டார்' என்று எழுதித் தேதி போட்டிருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. என்னை அக்கா என்று கூப்பிட்டவர், என் பெயர் இருக்கிறது என்று தெரிந்தே ஒரு கவரைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். மேடத்திடம் கொண்டுபோனபோது, "பிரிச்சிடாதீங்க, இப்படியே இருக்கட்டும்" என்று வாங்கி வழக்குக் காகிதக் கட்டோடு வைத்துக்கொண்டார். சரியான விலாசத்துக்கு அனுப்பி, அவர் வாங்க மறுத்தால், நோட்டீஸ் அவருக்குக் கிடைத்ததாகவே கோர்ட் எடுத்துக்கொள்ளும்.

அவர் இருக்கும் ஊர்க் கோர்ட்டுக்கு அலைய வேண்டுமோ என்பதுதான் அடுத்த கவலை. பணம் கைமாறி நோட்டு எழுதியது எங்கள் ஊரில் என்பதால் இங்கேயே போடலாம் என்றார். தமிழ்நாட்டில் பண வழக்குகளுக்குக் கோர்ட் பீஸ் கேட்கும் தொகையில் 3 சதவீதம். அசல் ஒன்றரை லட்சம், 35 மாத வட்டி 52,500, அதில் வந்த பத்தாயிரம் போக 1,92,500 கேட்டிருந்தோம். நானாகப் போட்டிருந்தால் 5,775 ரூபாய் ஸ்டாம்பு வாங்கியிருக்க வேண்டும். சட்ட உதவி என்பதால் அதுவும் இல்லை. அசல் நோட்டைத் தாக்கல் செய்வதற்கு முன் இரண்டு பக்கத்தையும் நகல் எடுத்துக்கொண்டேன். எனக்காக வழக்கு நடத்த மேடத்துக்கு அதிகாரம் தரும் வக்காலத்தில் கையெழுத்துப் போட்டேன். ஏப்ரல் மூன்றாவது வாரம் வழக்கு முன்சீப் கோர்ட்டில் தாக்கலானது. அன்றைக்கு ராத்திரிதான் நிம்மதியாகத் தூங்கினேன்.

ஜூனில் கோர்ட் திறந்தது. சம்மனை அவர் வாங்கிக்கொண்டார். ஒரு வக்கீல் வைத்தார். வெறும் தாளில் கையெழுத்து வாங்கி நான் பூர்த்தி செய்துகொண்டதாக எதிருரையில் எழுதியிருந்தார்கள். படித்தபோது கைகால் நடுங்கியது. இது எல்லாப் புரோநோட்டு வழக்கிலும் வரும் பதில்தான் என்று மேடம் தைரியம் சொன்னார். கையெழுத்து அவருடையது என்று ஆகிவிட்டால், பணம் வாங்கித்தான் கையெழுத்துப் போட்டார் என்று சட்டமே அனுமானிக்கும், இல்லை என்று காட்டும் பொறுப்பு அவர் பக்கம் போகும். சாட்சிக் கையெழுத்துப் போட்டவரில் ஒருவர் வந்து சொல்லவும் தயாராக இருந்தார். இரண்டு மூன்று வாய்தா போனது.

செப்டம்பரில் தேசிய மக்கள் நீதிமன்றம் வந்தபோது எங்கள் வழக்கை அதற்கு அனுப்பினார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் நீதிபதி அம்மாவும் ஒரு வக்கீலும் இருந்தார்கள். இந்தப் பக்கம் நானும் அவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில். ஒன்றரை வருடத்துக்கும் மேலாக முகத்துக்கு நேர் பார்த்ததில்லை. இளைத்திருந்தார். நீதிபதி நோட்டை அவர் முன்னால் நகர்த்தி, "இது உங்க கையெழுத்துதானே?" என்று கேட்டார். அவர் நோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஆமாம்மா. வாங்கினது உண்மைதான். ஒரே தடவையில கொடுக்க முடியல" என்றார்.

முழுத் தொகையையும் கேட்டு நிற்கலாம் என்று வெளியே சிலர் சொன்னார்கள். ஆனால் வழக்கு நடந்து தீர்ப்பு வர எத்தனை நாள் ஆகுமோ தெரியாது. தீர்ப்புக்குப் பிறகான நாட்களுக்குப் பொதுவாக ஆண்டுக்கு 6 சதவீத வட்டிக்கு மேல் கிடைக்காது. அதன் மேல் அப்பீல் வேறு. 1,70,000 ரூபாய்க்குச் சம்மதித்தேன். அக்டோபரில் 50,000, நவம்பரிலிருந்து மாதம் 15,000 வீதம் எட்டுத் தவணை, எல்லாம் பேங்க் கணக்கில் மட்டும். தொடர்ந்து இரண்டு தவணை தவறினால் மீதி முழுவதையும் உடனே கேட்கலாம் என்ற வரியை மேடம் சேர்க்கச் சொன்னார். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் இப்படி ஒரு வரி இருக்கிறதா என்று அவசியம் பாருங்கள். மக்கள் நீதிமன்றத்தில் முடிந்ததன் மேல் அப்பீல் கிடையாது, அது சிவில் கோர்ட் தீர்ப்புக்குச் சமம். அவர் கொடுக்காவிட்டால் அதை வைத்தே நிறைவேற்று மனு போட முடியும். அதற்குக் கெடு பன்னிரண்டு வருடம்.

வெளியே வந்ததும் அவர், "மன்னிச்சிடுங்கக்கா" என்றார். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

அக்டோபர் தொகை வந்தது. தவணைகளும் வந்துகொண்டிருக்கின்றன. ஜனவரியில் மட்டும் ஒன்பது நாள் தாமதம். அவரே போன் செய்து காரணம் சொன்னார், நான் குறித்துக்கொண்டேன். ஒவ்வொரு தவணை வந்ததும் பேங்க் பாஸ்புக்கில் பதிந்து, அந்தப் பக்கத்தை நகல் எடுத்து, மக்கள் நீதிமன்றம் தந்த நகலோடு ஒரே கோப்பில் வைக்கிறேன். அந்தக் கோப்பின் மேலட்டையில் கடைசித் தவணையின் தேதியைப் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறேன்.