கிணற்றுக்குள் ஓர் அடை

கீழ்பவானி வாய்க்காலின் பாசனப் பகுதியிலுள்ள ஒரு பழைய கிணற்றில், நீர்மட்டத்துக்குக் கீழே கூடு கட்டிக் கூட்டமாக வாழும் ஒரு பூச்சியினத்தை என் அக்கா மகளும் நானும் சேர்ந்து உருவாக்கி வருகிறோம். எட்டாம் வகுப்பில் படிக்கும் அவள் படம் வரைகிறாள். வரைந்தது பிழைக்குமா, பிழைக்காதா என்று பார்ப்பது என் வேலை. அதற்கு நீரடையான் என்று பெயர் வைத்திருக்கிறோம். அப்படியொரு பூச்சி உலகில் எங்கும் இல்லை. ஆனால் கிணறும் தண்ணீரும் உண்மையானவை என்பதால், அவற்றின் விதிகளை மீறாமல்தான் அதை வாழவைக்க வேண்டும் என்பது எங்களுக்குள் இருக்கும் ஒப்பந்தம்.

கூட்டமாக வாழும் பூச்சி என்றதும் எல்லோரும் முதலில் கேட்பது ராணியைப் பற்றித்தான். ராணி எவ்வளவு பெரியது, வேலைக்காரிகள் கொட்டுமா, ஆண்களுக்கு என்ன வேலை என்பவையெல்லாம் பின்னால் வர வேண்டிய கேள்விகள் என்றே நான் நினைக்கிறேன். தண்ணீருக்குள் கூடு அமைப்பவர் முதலில் தீர்க்க வேண்டியது மூச்சுக் கணக்கு. 27 டிகிரி வெப்பநிலையில் ஒரு லிட்டர் காற்றில் ஏறத்தாழ 270 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கிறது. அதே வெப்பநிலையில், காற்று பட்டுக்கொண்டிருக்கும் ஒரு லிட்டர் நன்னீரில் கரைந்திருப்பது 8 மில்லிகிராம் அளவுதான். அதுவும் அசையாத நீரில் ஆக்சிஜன் பரவும் வேகம், காற்றில் பரவுவதில் ஏறத்தாழப் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. நிலத்தில் தேனீக்கள் கூட்டின் வாசலில் நின்று இறக்கையை வீசிப் புதுக்காற்றை உள்ளே செலுத்தி இந்தச் சிக்கலைத் தீர்த்துக்கொள்கின்றன. அந்த அடையை அப்படியே தண்ணீரில் அமிழ்த்தினால், நடு அறைகளில் இருக்கும் முட்டைகளும் புழுக்களும் மூச்சு முட்டியே செத்துப்போகும். அவளே ஒருநாள், "அதுக மூச்சு எப்படீங்க மாமா விடும்?" என்று கேட்ட பிறகுதான் எங்கள் வேலை சரியான பாதையில் போகத் தொடங்கியது.

நீருக்கடியில் ராணியும் குடிமக்களும் உண்மையிலேயே உண்டு. ஆனால் அது கடலில். சினால்ஃபியஸ் ரெகாலிஸ் என்னும் சிறிய இறால், பவளப்பாறைகளில் வளரும் கடற்பஞ்சுகளின் உட்புழைகளில் வாழ்கிறது. பெலிஸ் நாட்டுக் கடலில் அதை ஆராய்ந்த எம்மெட் டஃபி, முந்நூறுக்கு மேற்பட்ட உறுப்பினர்கள் இருக்கும் கூட்டத்திலும் ஒரே ஒரு பெண்தான் இனப்பெருக்கம் செய்கிறது என்பதை 1996இல் எழுதினார். பெரிய கொடுக்கைச் சொடுக்கி அயலாரை விரட்டுவது மற்றவற்றின் வேலை. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடற்பஞ்சு தானே தண்ணீரை உறிஞ்சி வெளியேற்றிக்கொண்டே இருக்கும் உயிர். ஆகவே இறால் குடியிருக்கும் வீட்டுக்கு வீடே காற்றோட்டம் செய்து தருகிறது. கொங்கு நாட்டுக் கிணற்றில் கடற்பஞ்சுக்கு எங்கே போவது?

ஐரோப்பாவிலும் ஆசியாவின் வடபகுதியிலும் குளங்களில் வாழும் நீர்ச்சிலந்தியிடமிருந்து எங்களுக்கு வழி கிடைத்தது. அது நீர்த்தாவரங்களுக்கு இடையே பட்டு நூலால் ஒரு மணி பின்னி, மேற்பரப்பிலிருந்து வயிற்று மயிரில் காற்றைச் சிக்கவைத்துக் கொண்டுவந்து அதில் நிரப்புகிறது. உள்ளே ஆக்சிஜன் குறையக் குறையச் சுற்றியுள்ள நீரிலிருந்து ஆக்சிஜன் தானாகவே குமிழுக்குள் நுழைகிறது; குமிழே செவுளாகிவிடுகிறது. ஆனால் நைட்ரஜன் மெல்ல வெளியே கசிவதால் குமிழ் சுருங்கிக்கொண்டே வரும். அவ்வப்போது மேலே போய்க் காற்றெடுத்து வந்தே ஆக வேண்டும். அங்கே ஒரு சிலந்தி தனக்காகச் செய்வதை இங்கே ஒரு கூட்டம் சேர்ந்து செய்கிறது என்று முடிவு செய்தோம். எனவே நீரடையானின் கூட்டில் ராணியைவிட முக்கியமான பதவி காற்றெடுப்பவளுடையது.

கூட்டின் வடிவம் இப்படி அமைந்தது. இந்தப் பக்கத்துக் கிணறுகள் பாறையை வெட்டி இறக்கிய சதுரக் கிணறுகள். சுவரில் பிதுங்கி நிற்கும் பாறைகளுக்கு அடியில், கவிழ்த்து வைத்த பானையைப் போல, வாய் கீழே இருக்கும்படி கூடு தொங்குகிறது. மெழுகை நான் அனுமதிக்கவில்லை. தேனீ மெழுகை இளக்கிக் கட்டுவதற்கு வெப்பம் வேண்டும். தேனீக்கள் புழு வளர்க்கும் பகுதியை 34, 35 டிகிரியில் வைத்திருக்கின்றன. சுற்றிலும் தண்ணீர் சூழ்ந்த கூட்டில் அந்தச் சூடு ஒரு நாழிகைகூட நிற்காது. ஓடைகளில் வாழும் கேடிஸ் ஈக்களின் புழுக்கள் நீருக்குள்ளேயே ஒட்டக்கூடிய பட்டு நூலால் மணலைக் கோத்து உறை கட்டிக்கொள்கின்றன; நீரடையானும் கிணற்றுச் சுவரின் மணலையும் பாசியையும் அதே முறையில் கோக்கிறது.

இனி வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கிணற்றில் மோட்டார் ஓடுகிறது. மும்முனை மின்சாரம் வந்தவுடன் நீர்மட்டம் இறங்கும்; மோட்டார் நின்றபின் ஊற்று சுரந்து விடிவதற்குள் பழைய மட்டத்துக்கு ஏறும். கூடு 5 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது, இறைப்பில் நீர்மட்டம் 3 மீட்டர் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு 10 மீட்டர் தண்ணீரும் ஒரு வளிமண்டல அழுத்தத்தைக் கூட்டுவதால், கூட்டுக்குள் அழுத்தம் 1.5இலிருந்து 1.2 வளிமண்டலமாகக் குறைகிறது. உள்ளே இருக்கும் காற்று கால் பங்கு விரிகிறது. கூடு முழுவதும் காற்று நிரம்பியிருந்தால் மிகுந்தது வாய் வழியே குமிழ்களாக வெளியேறிவிடும். இரவில் மட்டம் ஏறும்போது மிஞ்சிய காற்று ஐந்தில் நான்கு பங்காகச் சுருங்கி, கீழ்ப்பகுதியில் தண்ணீர் புகுந்துவிடும். அந்தக் கீழ் ஐந்தில் ஒரு பங்கை நிரப்புவது வீண். மறுநாள் மோட்டார் அதை வெளியே தள்ளிவிடும். ஆகவே நீரடையான் அங்கே முட்டை வைப்பதில்லை. வெற்றறைகளாகவே விட்டுவைக்கிறது. நாள்தோறும் அந்த அறைகளுக்குள் புதுநீர் ஏறி இறங்குவதால், அந்த நீரிலிருந்தும் ஆக்சிஜன் கிடைக்கிறது. காற்றெடுப்பவளின் சுமையில் ஒரு பகுதியை மோட்டாரே ஏற்றுக்கொள்கிறது என்றாகிவிட்டது. மாடு பூட்டிக் கவலை இறைத்த காலத்தில் மட்டம் மெல்லத்தான் இறங்கியிருக்கும் என்பதால், அந்தக் காலத்து நீரடையான் சற்றுச் சிறிய கூட்டில் வாழ்ந்திருக்கும் என்பது என் கணிப்பு. வழக்கத்தைவிட நெடுநேரம் மோட்டார் ஓடிய நாளில் மட்டும் கிணற்று ஓரத்தில் குமிழ்கள் சரம்சரமாக மேலே வரும். தோட்டக்காரர் கூடு இருக்கும் இடத்தை அதைக்கொண்டே அடையாளம் காண்பார்.

உணவைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சுவர்ப் பாசி, உதிர்ந்த வேப்பம்பூ, நீரில் விழுந்து செத்த பூச்சிகள் ஆகியவை போதும். தேன் கிடையாது என்று நான் சொன்னபோது அவளுக்கு வருத்தம்தான். ஈரம் நிறைந்து தேங்கிய காற்றில் தேனைத் திறந்து வைத்தால் அது நீரை உறிஞ்சி நொதித்துவிடும். எனவே சேமிப்பு முழுவதும் வேலைக்காரிகளின் உடற்கொழுப்பில்தான். ஜிலேபிக் கெண்டையும் தண்ணீர்ப்பாம்பும் எதிரிகள். கூட்டின் வாய் ஒரு பூச்சி நுழையும் அளவுக்கே இருப்பதால், அவற்றின் தொல்லை காற்றெடுக்க மேலே போகும்போது மட்டும்தான்.

சித்திரையில் மட்டம் கீழே போகப்போகக் கூட்டமும் பழைய கூட்டை விட்டுவிட்டுக் கீழே புதிதாகக் கட்டுகிறது. அடிப்பாறை தெரியும் ஆண்டுகளில் ராணியும் சிலரும் ஊற்றுக்கண்ணின் பிளவுக்குள் ஒதுங்கிக்கொள்கிறார்கள். பக்கத்திலேயே ஆழ்துளைக் கிணறு போட்டு ஊற்றை இழுத்துவிட்ட தோட்டங்களில் இதுவும் நடக்காது. அந்தக் கிணறுகளை எங்கள் வரைபடத்தில் கறுப்பு அடித்திருக்கிறோம்.

ஒரு கிணற்றிலிருந்து இன்னொரு கிணற்றுக்கு எப்படிப் போவது என்பதில்தான் எங்களுக்குள் வாக்குவாதம் நீண்டது. விடையை வாய்க்காலே வைத்திருந்தது. கீழ்பவானிப் பாசனத்தின் 2,07,000 ஏக்கரில் பாதிக்கு ஒற்றைப்படை மதகுகள் வழியாகவும், மறுபாதிக்கு இரட்டைப்படை மதகுகள் வழியாகவும் முறைவைத்துத் தண்ணீர் விடுகிறார்கள். ஆகஸ்டில் திறந்து விடும் நன்செய்ப் போகத் தண்ணீர் ஒரு பாதிக்கு, அதற்குப் பிந்தைய புன்செய்ப் போகத் தண்ணீர் மறுபாதிக்கு. வாய்க்கால் கசிவிலும் வயல் கசிவிலும் ஊறும் கிணறுகள் என்பதால் இந்தப் பக்கத்தில் மட்டம் இறங்கத் தொடங்கும்போது அந்தப் பக்கத்தில் ஏறத் தொடங்கும். ஆகவே தை மாதத்தில் இளம் ராணிகள் இருட்டிய பிறகு நீருக்கு மேலே வந்து, மயிரில் ஒட்டிய காற்றோடு மறுபாதிக் கிணறுகளை நோக்கிப் பறக்கின்றன. அதற்கு இறக்கை வேண்டுமே என்றேன். அவள் முதல் படத்திலேயே இறக்கை வரைந்திருந்தாள். ஆண்களுக்கு மட்டும் இன்னும் எதையும் வரையவில்லை.